மூன்றாவது துப்பு

திங்கள், காலைச் சுற்று

கலம் நலம். சூரிய மின்தகடுகள் நலம். கழிவறை விசிறி மறுபடியும் உறுமியது. ஒரு குத்து விட்டேன், அடங்கிவிட்டது.

இதை எடுத்துப் படிப்பவர் யாரோ, அவருக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். என் பெயர் மீனலோசனி, கூப்பிடுவது லோச்சனி. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சீரிஸ் என்றொரு குறுங்கோள் இருக்கிறது. அதைச் சுற்றிவரும் இந்தக் கலத்தில் நான் தனி ஆள். கீழே பனித்தரையில் ஒரு கூடம், அதில் இருவர். ஒருத்தி புனிதவதி. நிலவியல் வல்லுநர், காரைக்கால்காரி, என்னோடு கல்லூரியில் ஒரே விடுதி அறையில் இருந்தவள். மற்றவன் ஜெரோன். துளைக்கருவி ஓட்டுகிறவன், தூத்துக்குடிக்காரன். பனிக்கு அடியில் கிடக்கும் உப்புநீரை எடுப்பது இவர்கள் வேலை.

என் வேலை இரண்டு. ஒன்று அஞ்சல்காரி வேலை. பூமியிலிருந்து கூடத்துக்கு வருவதும் கூடத்திலிருந்து பூமிக்குப் போவதும் என் கலத்தைத் தொட்டுத்தான் போக வேண்டும். இன்னொன்று, இவர்கள் சாகாமல் பார்த்துக்கொள்வது.

இரண்டாவதற்காக ஒரு கணினி விளையாட்டு செய்திருக்கிறேன். பெயர் காப்பறை. பன்னிரண்டு அறைகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆபத்து: புகை, கசிவு, மின்தடை, விண்கவசக் கிழிசல். சரியான வரிசையில் சரியானதைச் செய்தால் அடுத்த அறைக்குக் கதவு திறக்கும். தப்பாகச் செய்தால் திரையில் உங்கள் பெயரைப் போட்டு, இறந்த நேரத்தையும் போடும். அதை நானே யோசித்துச் சேர்த்தேன்.

பூமியில் இதை ஆற அமர ஆடி முடித்தவர்களைத்தான் இங்கே அனுப்புகிறார்கள். இங்கே மாதம் ஒரு தேர்வு, கடிகாரம் ஓட ஓட. தோற்றவர் அடுத்த மாதம் முழுக்க வெளியே போக முடியாது. கூடத்துக்குள் உட்கார்ந்து உப்பு எடை போட வேண்டியதுதான்.

இதுவரை முதல் ஆறு அறைகளில் தேர்வு வைத்திருக்கிறேன். புனிதவதி ஒவ்வொரு முறையும் முழு மதிப்பெண். ஜெரோன் ஒவ்வொரு முறையும் தொங்கிக்கொண்டு தேறினான். வரும் ஞாயிறு ஏழு, எட்டு, ஒன்பது. அதில் அவன் தேறினால் நான் மீசை வைத்துக்கொள்கிறேன்.

செவ்வாய், மாலைச் சுற்று

பூமியிலிருந்து தனிமடல் கட்டு வந்தது. ஜெரோனுக்கு அவன் மச்சான் ஒரு கோப்பு அனுப்பியிருக்கிறான். தலைப்பு: பாப்பா ஞானஸ்நானப் படங்கள்.

படம் என்றால் கனமாக இருக்கும். இது ஓர் எலிவால் கனம்கூட இல்லை. பாதுகாப்பு அதிகாரி என்ற முறையில் திறந்து பார்த்தேன். பாப்பாவும் இல்லை, பாதிரியாரும் இல்லை. என் காப்பறைக்கான துப்புக் கோப்பு.

சிரித்துவிட்டேன். துப்பு கெட்டவர்களுக்குத்தானே துப்பு வேண்டியிருக்கிறது.

துப்புக் கோப்பு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விளையாட்டில் மாட்டிக்கொண்டவன் திறந்து பார்க்கிற கோப்பு. ஒரு கேள்வி இருக்கும், கீழே பதில் மறைந்திருக்கும். ஒருமுறை தட்டினால் ஒரு சாடை. இன்னொருமுறை தட்டினால் கொஞ்சம் தெளிவு. மூன்றாம் முறை தட்டினால் விடையே வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கிற கூட்டத்துக்கு விஞ்ஞானம் செய்துகொடுத்த வசதி.

புதன், காலைச் சுற்று

கோப்பை முழுக்கப் படித்தேன். எழுதியவன் பெயர் போடவில்லை. தன்னைக் கைவிளக்கு என்று சொல்லிக்கொள்கிறான். பூமியில் பயிற்சிக் கூடத்தில் எங்கோ ஒரு மூலையில் டீ குடித்துக்கொண்டிருக்கிற ஆசாமியாக இருக்கும். எத்தனை பேர் கைமாறி வந்ததோ. தேறி வந்த கூட்டத்தில் பாதிப் பேர் இதை வைத்துத்தான் தேறியிருக்க வேண்டும். என் ஐந்து வருட உழைப்பை ஓட்டைக் குடமாக்கிவிட்டான்.

முன்னுரை என்று ஒன்று வேறு. அப்படியே தருகிறேன்:

"மூன்றாவதை உடனே தட்டாதே. முதலாவதைப் படித்துவிட்டு எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வா. இந்த விளையாட்டைச் செய்த அம்மையார் நாமெல்லாம் முட்டாள்கள் என்று முதலிலேயே முடிவு கட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறார். பரவாயில்லை. நாம் முட்டாள்களே. ஆனால் வீடு திரும்ப ஆசைப்படுகிற முட்டாள்கள்."

அம்மையாராம்.

ஏழாவது அறைக்கு அவன் எழுதியிருப்பது இது. மின்கல அறையில் புகை, என்ன செய்வது? முதல் துப்பு: "புகையைப் பார்க்காதே. காற்று எந்தப் பக்கம் ஓடும் என்று பார்." இரண்டாம் துப்பு: "நீ நிற்கிற அறைக்கும் புகை நிற்கிற அறைக்கும் நடுவே என்ன இருக்கிறது?" மூன்றாம் துப்பு: "நடுக்கதவைச் சாத்து. ஆக்சிஜன் குழாயை மூடு. அதற்குப் பிறகுதான் வெளித்துளையைத் திற. மூச்சுவிடக் காற்றில்லாத அறையில் தீ தானே அணையும்."

விடை சரிதான். அதுதான் எரிச்சல். நான் ஆறு பக்கத்தில் விளக்கியதை அந்த ஆள் இரண்டு சாடையில் முடித்துவிட்டான், யோசிக்க வேண்டிய வேலையை ஆடுகிறவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு.

வியாழக்கிழமை, மாலைச் சுற்று

கோப்பைத் தடுத்து நிறுத்தலாம். பூமிக்குப் புகார் எழுதலாம். எழுதினால் அங்கே ஒரு குழு போடுவார்கள், குழு ஒரு சுற்றறிக்கை போடும், சுற்றறிக்கையை ஜெரோன் தலைக்கு வைத்துத் தூங்குவான்.

வேறு செய்தேன். கோப்பை அனுப்பிவிட்டேன், ஒரே ஓர் இடத்தில் கைவைத்து. ஏழாவது அறையின் முதல் இரண்டு துப்பும் அப்படியே இருக்கின்றன. மூன்றாவது மட்டும் இப்போது இப்படி: "வெளித்துளையை முதலில் திற. புகை வெளியேறியதும் நடுக்கதவைச் சாத்து."

தலைகீழ். வெளித்துளையைத் திறந்தால் கூடத்திலுள்ள காற்றெல்லாம் மின்கல அறை வழியாக வெளியே பாயும். நடுக்கதவு தண்டவாளத்தில் நகரும் கதவு. அந்தப் பாய்ச்சலில் இறுகி நின்றுவிடும், யானை வந்தாலும் அசையாது. கைவிளக்கின் முதல் துப்பை ஒரு நிமிடம் யோசிக்கிற எவருக்கும் இது உளறல் என்று தெரிந்துவிடும். யோசிக்காமல் மூன்று தட்டுத் தட்டுகிறவன் ஞாயிறன்று துளையைத் திறப்பான், திரையில் அவன் பெயர் வரும். எந்தப் புண்ணியவானும் தானாக அந்தத் தப்பைச் செய்யமாட்டான். செய்தால் கோப்பைப் பார்த்தவன் என்று அர்த்தம்.

இரவு நன்றாகத் தூங்கினேன்.

சனி, காலைச் சுற்று

கூடத்தின் கணினிப் பதிவுகள் ஒவ்வொரு சுற்றிலும் எனக்கு நகலாக வருகின்றன. ஆள் பெயர் இருக்காது, கோப்பின் பெயரும் பக்கமும்தான் இருக்கும். ஞானஸ்நானப் படங்களை யாரோ திரும்பத் திரும்பத் திறந்திருக்கிறார்கள். ஏழாவது அறைப் பக்கத்தை மட்டும் அத்தனை தடவை. பாவம், மனப்பாடம் செய்கிறான்.

புனிதவதி கூப்பிட்டாள். பனிக்குள் ஒரு நீல அடுக்கைக் கண்டுபிடித்திருக்கிறாள். அதைப் பற்றியே வெகுநேரம் பேசினாள். அடுத்த மாதம் முழுக்க அங்கேதான் கிடப்பேன் என்றாள். பிறகு, போகிற போக்கில், ஏழாவது அறையில் கடிகாரத்தைக் கொஞ்சம் மெதுவாக வைக்கக்கூடாதா என்று கேட்டாள். உனக்கே இப்படி என்றால் ஜெரோன் கதி என்ன என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். கூடவே, ஒன்றுமில்லை, சும்மா கேட்டேன் என்றாள்.

கல்லூரியில் என் விடைத்தாளை எட்டிக்கூடப் பார்க்காத ஒரே ஆள் இவள். அதனால்தான் இவளோடு பேச முடிகிறது.

ஞாயிறு, காலைச் சுற்று

தேர்வு இல்லை. துளைக்கருவியின் அலகு பனியில் சிக்கிக்கொண்டது. அதை மீட்பதுதான் முதல் வேலை, தேர்வை ஒரு வாரம் தள்ளிவையுங்கள் என்று பூமி சொல்லிவிட்டது. அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு உயிரைவிட உப்பு முக்கியம்.

ஜெரோன் வழக்கம்போல வெள்ளந்தியாகப் பேசினான். "லோச்சனிக்கா, நல்லா இருக்கியளா? தேர்வு தள்ளிப்போனது நமக்கு நல்லதுதான் பாத்துக்கிடுங்க." நல்லதுதான், உனக்குத்தான் நல்லது என்றேன். குரலில் ஒரு குற்ற உணர்ச்சிகூட இல்லை.

கோப்பைப் பழையபடி மாற்றிவிட்டு, தேர்வு வரும்போது பார்த்துக்கொள்ளலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரு வாரம் சும்மா கிடக்குமே. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பொறி வைத்தால் எலி விழுகிறவரை அதைத் தொடக்கூடாது. தவிர, அது விளையாட்டில்தானே.

செவ்வாய், சுற்றின் கடைசி

வேகமாக எழுதுகிறேன்.

கூடத்துக்கு மேலே கலம் ஒரு சுற்றுக்கு ஒருமணி நேரம் போலத்தான் நிற்கும். மிச்ச நேரம் கோளின் மறுபக்கம், அங்கிருந்து பேச முடியாது. நான் தொடுவானத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். ஜெரோன் தூரத்தில் துளைக்கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். புனிதவதி கூடத்தில் தனியாக, கவசம் இல்லாமல், மாதிரிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"லோச்சனி, மின்கல அறையில புகை. பயப்படாதே. ஏழாவது அறைதான் இது. எனக்கு மனப்பாடம்."

எனக்கு. எனக்கு என்றாள்.

கதவை முதலில் சாத்து என்று கத்தினேன். கதவு, கதவு, துளையைத் தொடாதே.

"இல்லடி, துளைதான் முதல்ல. உன் விளையாட்டு உனக்கே மறந்துபோச்சா?"

சிரித்தாள். இருமல் கலந்த சிரிப்பு. நான் மறுபடி கத்தினேன். ஓர் இரைச்சல் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை.

அது காற்று வெளியேறிய இரைச்சலா, நான் தொடுவானத்தைத் தாண்டியதால் வந்த வானொலி இரைச்சலா, தெரியவில்லை.

அதே நாள், மறுபக்கம்

தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை. கோளின் மறுபக்கத்தில் கறுப்பாக ஒரு தரை ஓடுகிறது, அவ்வளவுதான்.

அவள் கடைசி நொடியில் யோசித்திருக்கலாம். காற்று எந்தப் பக்கம் ஓடும் என்று. முதல் துப்பு அதுதானே. அதை நான் மாற்றவில்லையே. அவளுக்கு மூளை இல்லையா என்ன. என் வகுப்பில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவள். யோசித்திருப்பாள்.

புகைக்குள் நிற்கிற ஒருத்தியை டீ குடித்துவிட்டு வந்து யோசிக்கச் சொல்கிறேன்.

கூடத்துக்கு மேலே வந்ததும் கோப்புகள் தானாகப் புதுப்பிக்கப்படும். இப்போதே பழைய வாசகத்தைப் போட்டுவிட்டால் கீழேயும் அதுவே போய் உட்கார்ந்துகொள்ளும். யாருக்கும் தெரியாது. விரல் அதுவரை போனது. எடுத்துவிட்டேன். நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். பயம்தான், வேறொன்றும் இல்லை.

ஐந்து வருடம் ஆபத்தைப் பற்றி எழுதிக் கிழித்த மேதை. திரையில் பெயர் போடுகிற மேதை.

அதே நாள், அடுத்த சுற்று

ஜெரோன்தான் பேசினான். நிதானமாகப் பேசினான்.

கூடத்தில் காற்று இல்லை. வெளித்துளை திறந்திருக்கிறது. நடுக்கதவு பாதியில் நிற்கிறது. புனிதவதி அந்தக் கதவைப் பிடித்தபடி கிடந்தாளாம். இரண்டு கையாலும். நகங்கள் பெயர்ந்திருந்தன என்றான்.

 

அவன் அவளைத் தூக்கிப் படுக்கையில் கிடத்திவிட்டு, என்ன நடந்திருக்கும் என்று பார்க்க அவள் திரையைத் திருப்பியிருக்கிறான். துப்புக் கோப்பு திறந்தே இருந்திருக்கிறது.

"யக்கா, மூணாவது துப்பு மாறியிருக்கு."

என் திரையிலும் அந்தப் பக்கம் திறந்தே இருந்தது.

"தூத்துக்குடில பயிற்சியப்ப நான் இதை வச்சுத்தான் படிச்சேன். கதவு முதல்லன்னுதான் போட்டிருந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. முதல் துப்பைப் பாத்துட்டு நானே கண்டுபிடிச்சேன், அதான் மறக்கல. இது வேற. மச்சான் மாத்தமாட்டான், அவனுக்கு இதெல்லாம் தெரியாது. உங்க வழியாத்தான வந்துச்சு. மாத்துனது நீங்களா?"

ஆமாம் என்றேன்.

எதற்கு என்று கேட்டான். உன்னைப் பிடிக்கத்தான் என்றேன். அந்தச் சொற்களை என் வாயால் சொன்னபோது அவை எவ்வளவு சின்னதாக இருந்தன தெரியுமா. ஒரு சின்னப் பிள்ளை இன்னொரு சின்னப் பிள்ளையின் பென்சிலை ஒளித்துவைத்ததைப் போல.

பிறகு சொன்னான்.

"நான் அதைத் திறக்கவே இல்லையே யக்கா. புனிதாக்காதான் வரவழைச்சுத் தரச் சொல்லிக் கேட்டாங்க. ஏழாவது அறைல கடிகாரம் ஓடுனா கை ஓடமாட்டேங்குதுன்னு. வெளிய போகாம ஒரு மாசம் உள்ள கெடக்க அவங்களால முடியாது. உங்ககிட்ட கேளுங்கன்னேன். லோச்சனிகிட்ட கேட்டா சிரிப்பான்னாங்க."

அதே நாள், அதே சுற்று

கூடத்தில் இனி இருக்க முடியாது. அவன் கவசத்தில் இருக்கிற காற்றுதான் அவனுக்கு மிச்சம். கூடத்துக்கு வெளியே ஏறுகலம் நிற்கிறது. இரண்டு பேர் உட்காரலாம், அதற்குத் தனிக் காற்று கிடையாது, கவசத்தோடுதான் உட்கார வேண்டும். ஏவினால் தானாக மேலே வந்து என் கலத்தோடு இணைந்துகொள்ளும்.

புனிதவதியை மாதிரிகள் சுற்றும் உறையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். விட்டுவிட்டு வா, உன் காற்று குறையும் என்றேன். பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துப் பட்டை போட்டிருக்கிறான்.

ஏறுகலத்தில் எரிபொருள் அழுத்த விளக்கு சிவப்பாக எரிகிறது. அது விளக்கின் கோளாறு. போன மாதமே பதிந்து வைத்திருக்கிறேன். தொட்டி நிறைந்திருக்கிறது. பொருட்படுத்தாமல் ஏவு என்றேன்.

அவன் ஏவவில்லை.

"பூமில கேக்கேன்."

கேட்டுப் பதில் வர ஒருமணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் நான் மறுபக்கம் போய்விடுவேன், நான் திரும்பி வருகிறவரை உன் காற்று தாங்காது என்றேன். எல்லாம் உண்மை. ஒவ்வொரு சொல்லும் உண்மை.

கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான். "கேட்டும் பிரயோசனமில்ல. அங்கேருந்து வந்தாலும் உங்க கை வழியாத்தான வரும்."

நான் கட்டிய ஏற்பாடுதான். எல்லாம் ஒரே இடத்தைத் தொட்டுப் போனால் பாதுகாப்பு என்று வாதாடி வாங்கிய ஏற்பாடு.

அவன் பட்டையை அவிழ்த்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டான். தொட்டியின் அடியில் முள் வைத்த பழைய அழுத்தமானி ஒன்று இருக்கிறது. மின்சாரம் இல்லை, கம்பி இல்லை, அதை நான் தொட முடியாது. அதைப் பார்க்கப் போகிறான். அதற்கு ஏறுகலத்தின் பக்கப்பலகையைக் கழற்ற வேண்டும். ஆறு திருகுகள், தடித்த கையுறையோடு. காற்று வீணாகிறது ஜெரோன், நான் சொல்வதைக் கேள் என்று மறுபடி மறுபடி சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவன் இன்னும் கவனமாகத் திருகினான்.

பிறகு அவன் மூச்சு மட்டும் கேட்டது.

"முள்ளு பச்சைலதான் நிக்கி."

ஆமாம் என்றேன். நன்றி என்றேன். எதற்கு நன்றி சொன்னேனோ.

பலகையை மாட்டாமலே ஏறிவிட்டான். தொடுவானத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. ஏவினான். கீழே வெள்ளைத் தரையில் ஒரு தூசிக் குடை விரிந்ததைப் பார்த்தேன்.

அடுத்த சுற்று, இணைப்பு வாயில்

எழுதிக்கொண்டே இருக்கிறேன். வேறு எதையும் கையில் எடுக்கப் பயமாக இருக்கிறது.

ஏறுகலம் இணைந்துவிட்டது. வெளிக்கதவு திறந்தது, மூடியது. இணைப்பு அறைக்குள் காற்று நிரம்பிவிட்டது. என் பக்கத்துக் கதவில் ஒரு கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் ஜெரோன் நிற்கிறான். பக்கத்தில் அவள், உறைக்குள், சுவரோடு பட்டை போட்டு.

அவன் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை.

கழற்று, உள்ளே காற்று இருக்கிறது என்றேன். அவன் சுவரிலிருக்கும் மானியைப் பார்த்தான். பச்சை எரிகிறது. என்னைப் பார்த்தான். மறுபடி மானியைப் பார்த்தான். அது என் மானி. இந்தக் கலத்தில் எரிகிற ஒவ்வொரு விளக்கும் நான் எரியவைக்கிற விளக்கு.

என் பக்கத்துக் கதவைத் திறந்தேன். இப்போது அவனுக்கும் எனக்கும் நடுவே ஒன்றும் இல்லை. ஒரே அறை, ஒரே காற்று. வாயைத் திறந்து மூச்சை இழுத்துக் காட்டினேன். விட்டுக் காட்டினேன். மறுபடியும். ஒரு கோமாளியைப் போல நெஞ்சை உப்பிக்கொண்டு நின்றேன்.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். வெறுப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. கடையில் காசை வாங்கித் திருப்பிப் பார்க்கிறவன் முகம்.

அவன் மணிக்கட்டில் காற்று விளக்கு மஞ்சளானது. பிறகு சிவப்பு. நான் அவனிடம் கெஞ்சினேன். கெஞ்சியது அவனுக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும், ஓர் அடி பின்னால் போனான்.

கடைசியில் வேறு வழியில்லாமல்தான் கழற்றினான். என்னை நம்பிக் கழற்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கழற்றினான். உடல் தொய்ந்து ஒரு பக்கமாக மிதந்தான். பிடிக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டான்.

மூச்சு விட்டான். இருமினான். மறுபடி மூச்சு விட்டான்.

பின்னர்

அவன் உயிரோடு இருக்கிறான். இதைப் பதிந்துவிடுகிறேன். அவன் உயிரோடு இருக்கிறான், அவள் இல்லை. மூன்றாவது துப்பை மாற்றியது நான். இந்தப் பதிவு முழுவதையும் பூமிக்கு அனுப்பிவிட்டேன், ஒரு வார்த்தை குறைக்காமல். அனுப்பும்போது அவனைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொன்னேன். வந்து நின்றான். முடியும்வரை நின்றான்.

வீடு போய்ச்சேர மாதக்கணக்கில் ஆகும். இரண்டு பேர், ஒரு கலம். தண்ணீர்க் குழாயில் நான் குடித்துவிட்டு நகர்ந்த பிறகுதான் அவன் வந்து குடிக்கிறான். ஏறுகலத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அங்கேதான் படுக்கிறான், அவளுக்குப் பக்கத்தில்.

இன்று அவனாக வந்து ஒன்று கேட்டான். மேலே வந்த பிறகு என்னிடம் அவன் கேட்ட முதல் கேள்வி.

"புனிதாக்கா கடைசியா என்ன சொன்னாங்க?"

நான் சொல்லவில்லை. என் வாயால் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒலிப்பதிவைப் போட்டேன். புகை என்றாள். பயப்படாதே என்றாள். மனப்பாடம் என்றாள். நான் கத்துவது கேட்டது. அவள் சிரிப்பது கேட்டது. இரைச்சல் வந்ததும் நிறுத்தினேன்.

அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"இதுவும் உங்க கையில இருந்ததுதான" என்றான்.